மூச்சு உள்ளே: முதலாம் படம்

"மூச்சு உள்ளே – 1. ஆகஸ்ட் 11, ஞாயிறு."

மெல்லிய தாளொன்றின் மேல் மூலையில் பென்சிலால் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. கையெழுத்து என் சித்தியுடையது. ஆண்டு இல்லை. ஆகஸ்ட் பதினொன்று ஞாயிற்றுக்கிழமையாக வந்த ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் சிறுவயதுக்குள் 1968, 1974 ஆகிய இரண்டுமே பொருந்துகின்றன. முதலாவதில் சித்தி மதராஸுக்கே போயிருக்கவில்லை. தவிரவும், அந்த விடுமுறையில் மாவுத் தட்டுப்பாட்டால் பாண் ரொட்டி வாங்க விடியமுன்னரே வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. ஆகவே 1974 என்று கொள்கிறேன். உங்களில் யாரிடமாவது இதற்கு மாறான ஆதாரம் இருந்தால் திருத்திக்கொள்வேன்.

தாளில் கீறியிருப்பது ஒரு மனிதரின் நெஞ்சுக்கூடு. அந்த மனிதர் என் அப்பா.

உட்துறைமுக வீதிப் பக்கம் என்னோடு வளர்ந்தவர்களுக்கு, நாங்கள் மூன்று பிள்ளைகள் வீடு வீடாக ஏறிப் பழைய எக்ஸ்ரே கேட்டது நினைவிருக்கலாம். என் தங்கச்சி, பெரியம்மாவின் மகனான அண்ணா, நான். ஏன் கேட்கிறோம் என்று அன்று எல்லோருக்கும் ஒழுங்காகச் சொல்லவில்லை. உங்கள் அலுமாரிகளுக்குப் பின்னால் கிடந்த கைகளும் கால்களும் எங்கே போயின என்பதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

சித்தி அம்மாவின் தங்கை. சங்கீதம் படிக்கவென்று மதராஸுக்கு அனுப்பப்பட்டவர், அங்கே ஒரு சிறிய காட்டூன் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சவர்க்காரத்துக்கும் பற்பொடிக்கும் விளம்பரப் படங்கள் செய்த இடம். விசா முடிந்து திரும்பி வந்து எங்கள் வீட்டில் இருந்தார். அந்த ஸ்டூடியோவைப் பற்றி அவர் சொன்னவற்றை, பிற்பாடு நான் வாசித்த புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். உலகின் பெரிய ஸ்டூடியோக்களிலும் ஆரம்ப காலத்தில் வேலை அநேகமாக இதே ஒழுங்கில்தான் நடந்திருக்கிறது. அளவுதான் வேறு.

ஆடு ஒன்று தலையைத் தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமை ஓவியர் தலை கீழே இருக்கும் படத்தையும் மேலே இருக்கும் படத்தையும் கீறுவார். நடுவில் வரவேண்டியவற்றை இளையவர்கள் கீறுவார்கள். அதற்கென்று அடியிலிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசை உண்டு. ஒவ்வொரு தாளிலும் இரண்டு துளைகள். மேசையில் அந்தத் துளைகளுக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டு முளைகள். ஆயிரம் தாள் மாறினாலும் ஆடு நின்ற இடத்தில் நிற்பது அந்த முளைகளால்தான். பிறகு அந்தக் கோடுகளைக் கண்ணாடிபோல் தெளிந்த 'செல்' என்னும் தாளில் மையால் எடுக்க வேண்டும். அது பெண்களின் பகுதி. சித்தி அங்கேதான் இருந்தார். மை காய்ந்ததும் செல்லைத் திருப்பிப் போட்டுப் பின்புறத்தில் வர்ணம் பூசுவார்கள். பின்புறம் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் முன்புறம் சுத்தமாகத் தெரியும். இப்படிப் பூசியதைப் பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து, மேலிருந்து கீழே பார்க்கும் கமராவால் ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். திரையில் ஒரு விநாடிக்கு இருபத்துநான்கு படங்கள் ஓடும். ஒவ்வொரு செல்லையும் இரண்டு முறை பிடித்தால் பன்னிரண்டோடு சமாளிக்கலாம்.

படம் பிடித்து முடிந்த செல்களை எறிவதில்லை. தொட்டியில் ஊறப்போட்டுக் கழுவி அடுத்த விளம்பரத்துக்கு எடுப்பார்கள்.

"மூண்டு மாசம் மினக்கெட்டுக் கீறின ராசாவைக் கழுவிப்போட்டு, அதிலயே பற்பொடி டப்பா கீறினனாங்கள்," என்று சித்தி சொல்லுவார். "அழுகை வராதோ?" என்று தங்கச்சி கேட்டாள். "முதல் ராசாவுக்கு அழுதனான். பிறகு வாளியைத்தான் தேடினனான்."

அவருக்கு அங்கே ஒரே கட்டளைதானாம். கண்டதை எடு. நீயாக ஒன்றையும் சேர்க்காதே, நீயாக ஒன்றையும் விடாதே. கீறியவர் தவறுதலாக ஒரு மயிர்க்கோடு விட்டிருந்தாலும் அது செல்லில் வர வேண்டும். திருத்துவது வேறு ஆளின் வேலை.

இனி, நானா. கிண்ணியாக்காரர். டவுனில் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல் அது; இந்து, முஸ்லிம் வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் அவர் நானாதான். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கிய பதினாறு மில்லிமீற்றர் சினிமாக் கமராவும் ப்ரொஜெக்டரும் அவரிடம் சும்மா கிடந்தன. இரண்டு டின் பிலிமும் இருந்தது. அந்த வருடம் நோன்புப் பெருநாளும் தீபாவளியும் கிட்டக் கிட்ட வந்தன. குடும்பப் படம் எடுக்க வருகிற சனத்துக்கு ஸ்டூடியோவில் ஒரு காட்டூன் ஓட்டிக் காட்டினால் கூட்டம் சேரும் என்பது அவருடைய யோசனை. சித்திக்கோ, மற்றவர்களின் கோட்டுக்கு மை போட்டே வந்தவருக்கு, தன் கையால் ஒரு படம்.

கதை பேசியது எங்கள் வீட்டு முன்னறையில். நானா கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"கோட்டையில இரிக்கிற மான் ஒண்டு டவுனுக்கு இறங்கி வருது. தியேட்டர் போஸ்டரைத் தின்னுது. கதாநாயகன்ட மீசை வரைக்கும் தின்னுட்டு, அப்படியே படுத்து நித்திரை கொள்ளுது. எப்படி?"

"மானுக்கு எத்தினை புள்ளி?" என்று கேட்டார் சித்தி.

"அதை ஆரு எண்ணினது?"

"எண்ணோணும் நானா. ஒரு படத்தில இருக்கிற புள்ளி அடுத்த படத்திலயும் அதே இடத்தில இருக்கோணும். இல்லாட்டி மான்ர மேல்முழுக்க ஈ மொய்க்கிற மாதிரி இருக்கும்."

"அப்ப புள்ளி இல்லாம ஒரு மான் கீறுங்க."

"புள்ளி இல்லாட்டி அது ஆடு," என்றான் அண்ணா.

நானா சற்று யோசித்தார். "ஆடும் போஸ்டர் தின்னும்தானே," என்றார். அப்படித்தான் ஆடு வந்தது.

செல்லுக்குத்தான் வழியில்லை. இறக்குமதி நின்றுபோன காலம். பவுண்டன் பேனைக்கே அலைந்தோம். கழுவிக் கழுவி எடுத்த பழக்கத்தில் சித்திக்குத்தான் அது தோன்றியது. எக்ஸ்ரே பிலிமும் தெளிந்த தாளில் பூசிய பூச்சுத்தானே, கழுவினால் போகாதா? அப்பாவுக்கு ஒருமுறை கை முறிந்தபோது எடுத்த படத்தைச் சித்தி சுடுதண்ணீரில் சலவைச் சோடாவோடு ஊறவைத்தார். எலும்பு கரைந்து கறுப்புக் கஞ்சியாய் வாளிக்குள் வழிந்தது. கையில் மிஞ்சியது மெல்லிய நீலம் படர்ந்த தெளிந்த தாள்.

"நீலமா இருக்கே," என்றார் அம்மா.

"ஆடு கடற்கரையால போகுதெண்டு வைப்பம்," என்றார் சித்தி.

எங்கள் தெருவின் உடல்களைச் சேர்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சனம் எவ்வளவு எக்ஸ்ரே வைத்திருந்தது! எறிய மனமில்லாமல், சட்டம் போட்டு மாட்டவும் ஏலாமல், அலுமாரிக்குப் பின்னாலும் மெத்தைக்குக் கீழும் வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால் மாஸ்டர் ஒருவர் மட்டும் தரமாட்டேன் என்றார்.

"இடுப்பையும் உங்களிட்டத் தந்துபோட்டு நான் எதில நடக்கிறது?"

அடுத்த ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் உம்மா மகனின் மணிக்கட்டை உறையோடு தந்தார். "கை சுகமாயிட்டுது மகள். கொண்டு போ. ஆட்டுக்கு ஒரு காலாகட்டும்."

கிணற்றடியில் கழுவல் நடந்தது. பசை காய்ச்சுகிற வாடை தெருமுனைவரை போகும். கழுவியவற்றை உடுப்புக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவோம். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் அவை ஒன்றோடொன்று மோதிக் கைதட்டுவதுபோல் சத்தம் போடும். அந்தச் சத்தத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் கேட்டதில்லை.

துளைபோடும் கருவியை அப்பா கொண்டுவந்தார். அவர் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். சனிக்கிழமை மத்தியானம் கேட்டு வாங்கி வந்து திங்கள் காலமை திருப்பிக் கொடுப்பார். முளைகளை அவருக்குத் தெரிந்த பட்டறைப் பிற்றர் ஒருவர் பித்தளையில் கடைந்து தந்தார். பழைய அலுமாரிக் கதவுக் கண்ணாடியின்கீழ் பல்ப் ஒன்றைப் பொருத்திச் சித்தி மேசை செய்தார். விரல் பட்டால் செல்லில் எண்ணெய் பிடிக்கும். ஸ்டூடியோவில் கையுறை உண்டு. நாங்கள் பள்ளிக்கூட வெள்ளைக் காலுறையில் இரண்டு விரலுக்கு ஓட்டை வெட்டிக் கையில் மாட்டிக்கொண்டோம்.

அப்பாவின் நெஞ்சுப் படம் வந்தது இந்தக் கட்டத்தில். நாங்கள் சேர்த்தவை மேசையில் கிடந்தன. அப்பா உள்ளே போய், அலுமாரிக்குப் பின்னாலிருந்து மண்ணிற உறை ஒன்றை இழுத்து எடுத்து வந்தார்.

"இந்தா, இதையும் சேர்," என்றார் சித்தியிடம்.

"அது எதுக்கு இப்ப?" என்றார் அம்மா. குரல் மாறியிருந்தது.

"முடிஞ்ச வருத்தம். எத்தினை வருசமா என்ர நெஞ்சு சுவரைப் பாத்துக்கொண்டு நிக்குது. வெளிய வரட்டும்."

கல்யாணத்துக்கு முன் அப்பாவுக்கு அந்த வருத்தம், கசம் என்கிற காசநோய், வந்து, மலைநாட்டில் ஒரு சனற்றோரியத்தில் மாதக்கணக்கில் கிடந்தார் என்பது எனக்கு அன்று தெரியாது. அயலுக்கும் தெரியாது. நல்லபடியாகக் குணமான மனிதர். அந்தக் குணத்தைக் கொண்டாட அவருக்கு ஒரு வழி கிடைத்தது, கொடுத்துவிட்டார். அவர் செய்தது பிசகு என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பிசகில் இன்றைக்கும் ஒரு மரியாதை உண்டு.

மெலிந்த மனிதரின் நெஞ்சு. விலா எலும்புகள் கோடு போட்டதுபோல் தெளிவு. "இதை வைச்சு மூச்சுப் பழகலாம்," என்றார் சித்தி. ஆடு கடைசியில் படுத்து நித்திரை கொள்ள வேண்டும். வயிறு ஏறி இறங்காவிட்டால் செத்த ஆடாகிவிடும். "எக்ஸ்ரே எடுக்கேக்க மூச்சை உள்ள இழுத்துப் பிடிக்கச் சொல்லுவினம். அதால இது மூச்சு உள்ளே." அந்தப் படத்தை விளக்குமேசையில் வைத்து, மேலே தாளை முளையில் மாட்டி, உள்ளபடியே கோடெடுத்தார். நான் மேலே சொன்ன தாள் அதுதான். பிறகு அப்பாவைச் சட்டையைக் கழற்றிக் கதிரையில் இருத்தி, அவர் மூச்சு விடுவதைப் பார்த்து "மூச்சு வெளியே"யைக் கீறினார். நடுப்படங்கள் எங்களுக்கு.

நான் என் படத்தை மிக ஒழுங்காகக் கீறினேன். இரண்டு பக்கமும் சமமான விலா எலும்பு, விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ளதுபோல. அண்ணாவும் அப்படியே. சித்தியின் தாளில் மட்டும் வலப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே புள்ளிக்கோட்டால் ஒரு சிறு வட்டம் இருந்தது, ஓரத்தில் நெளிவு.

"அது கண்ணாடியில ஊத்தையெல்லோ சித்தி?" என்று கேட்டேன்.

சித்தி எக்ஸ்ரேயைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினார். வட்டமும் கூடவே நகர்ந்தது. "ஊத்தை இல்லை. படத்தில இருக்கு."

"என்ன அது?"

"தெரியாது. இருந்தது, எடுத்தனான்."

மறுநாள் அந்த எக்ஸ்ரே வாளிக்குள் போனது. காய்ந்தபின் மற்ற நீலத் தாள்களோடு அடுக்கப்பட்டது. எது யாருடையது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

நாங்கள் கீறிய நெஞ்சுத் தாள்களை ஒன்றாகப் பிடித்து விரலால் விசுக்கிப் புரட்டினால் விலாக்கள் ஏறி இறங்கின. அப்பாவுக்கு அது பெரும் புதினமான வேடிக்கை. புரட்டுவார், தன் நெஞ்சில் கைவைத்துப் பார்ப்பார், மறுபடி புரட்டுவார். "மூச்சு விடுறன் பார்," என்று அம்மாவிடம் காட்டினார். அடுத்த நாள் சாப்பாட்டுப் பெட்டியோடு அதையும் கந்தோருக்குக் கொண்டுபோனார், கூட வேலை செய்கிறவர்களுக்குக் காட்ட.

செப்டெம்பரில் துறைமுகத்தில் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். அப்பாவின் புது எக்ஸ்ரேயில் வலப்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. நெஞ்சு டொக்டரிடம் அனுப்பினார்கள். அன்று பின்னேரம் அப்பா வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து, டொக்டர் சொன்னதை அப்படியே ஒப்புவித்தார். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டு வரட்டும். நிழல் அதிலும் அதே இடத்தில் அதே அளவில் இருந்தால், இது ஆறின தழும்பு. பேசாமல் வேலைக்குப் போகலாம். பழைய படம் இல்லாவிட்டால் வருத்தம் திரும்பிவிட்டது என்றே எடுக்க வேண்டும். மறுபடி மலைநாடு, மறுபடி மாதக்கணக்கு. வேலை காத்திருக்குமா என்று டொக்டருக்குத் தெரியாது. இப்போதைக்கு சம்பளமில்லாத லீவு.

சித்தி கையில் தூரிகையோடு வாசலில் நின்றார். அம்மா அவரைப் பார்த்தார்.

"உன்ர ஆட்டுக்காக என்ர மனுசன்ர நெஞ்சைக் கழுவிப்போட்டாய்."

"நான்தானே குடுத்தனான்," என்றார் அப்பா.

"நீங்கள் குடுப்பியள். கேட்டு வாங்க ஒருத்தி இருந்தாத்தானே."

சித்தி தூரிகையை வைத்தார். அறைக்குள் போய் அடுக்கிய செல்கள் எல்லாவற்றையும் ஒன்றொன்றாக விளக்குமேசையில் வைத்துத் தேடினார். எல்லாம் ஒரே நீலம். அரைவாசியில் ஆட்டின் கால்கள் ஏற்கெனவே இருந்தன. மறுநாள் காலமை அவருடைய சூட்கேஸ் கட்டிலில் திறந்து கிடந்தது.

லீவின் காரணம் தெருவுக்கு எப்படித் தெரியவந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த வாரமே தெரிந்தது. பால்காரர் உள்ளே வராமல் படலையிலேயே செம்பைக் கேட்டு ஊற்றிவிட்டுப் போனார். என்னோடு படிக்க வருகிற பிள்ளை வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் கசம் என்றால் அப்படித்தான் பயம், எங்கள் வீடும் வேறொரு வீட்டுக்கு அதைத்தான் செய்திருக்கும். ஆனால் நானா வந்தார். வழக்கம்போல அதே கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுக்கத் தயங்கி நின்றார்.

"என்ன தங்கச்சி, சீனி இல்லையா?" என்றார் நானா. "வெறுந்தேத்தண்ணி எண்டாலும் தாங்க."

எங்கள் கோப்பையில் குடித்தார். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய காரியங்களில் அந்த இரண்டாவது தேத்தண்ணீரையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

அப்பா தன் கந்தோர் மேசையை ஒழித்துச் சாமான்களைக் கொண்டு வந்தது சனிக்கிழமை. குடை, சாப்பாட்டுப் பெட்டி, ஒரு சாமி படம். எல்லாவற்றையும் முன்னறை மேசையில் வைத்தார். குடைக்கு அடியில் தாள்கட்டு ஒன்று இருந்தது. சித்தி அன்று பின்னேர ரயிலில் பெரியம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தார். சாமான்களைத் தாண்டிப் போனவர் நின்றார்.

"அத்தான், உது மூச்செல்லோ?"

"ஓம். எல்லாரும் பாத்தவை. பெரிய கிளாக்கரும் பாத்தவர்."

சித்தி கட்டைப் பிரித்து முதலாம் தாளை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வலப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே அந்தப் புள்ளிக்கோட்டு வட்டம் அப்படியே இருந்தது. எங்கள் படங்களையும் பார்த்தார். ஒன்றிலும் இல்லை.

"அக்கா," என்று குசினிப் பக்கம் கூப்பிட்டார். அந்த வாரத்தில் அம்மாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

திங்கட்கிழமை நெஞ்சு டொக்டரிடம் போனோம். அப்பா, சித்தி, நான். நான் எதற்கு என்றால், அம்மா வர மறுத்துவிட்டார். சித்தியோடு ஒரே பஸ்ஸில் ஏற அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. டொக்டர் கண்ணாடியைத் தாழ்த்தித் தாளைப் பார்த்தார்.

"இது என்ன?"

"இவற்ற பழைய எக்ஸ்ரே, டொக்டர்," என்றார் சித்தி. "அதுக்கு மேல தாளை வைச்சு எடுத்தனான்."

"எக்ஸ்ரே எங்க?"

"கழுவிப்போட்டம்."

டொக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். "காட்டூன் கீற," என்று நான் சொன்னேன். டொக்டர் சித்தி பக்கம் திரும்பினார்.

"நீர் டொக்டர் வேலைக்கு ஏதும் படிச்சனீரோ?" என்று சித்தியிடம் கேட்டார்.

"இல்லை. கோடெடுக்கிற வேலை செய்தனான்."

"இந்த வட்டம்? வருத்தம் எண்டு தெரிஞ்சோ போட்டனீர்?"

"தெரியாது டொக்டர். தெரிஞ்சிருந்தா கழுவ விட்டிருப்பனோ?"

டொக்டர் எழுந்து புது எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். அதுவும் ஒரு விளக்குமேசைதான், நிமிர்த்தி வைத்தது. சித்தியின் தாளை அதன்மேல் வைத்துக் காறை எலும்பைக் காறை எலும்போடு பொருத்தினார். விலாக்கள் ஒன்றின்மேல் ஒன்று வந்தன. வட்டம் நிழலின்மேல் விழுந்தது. ஓரத்து நெளிவும் விழுந்தது. சித்தியின் கை என் தோளை இறுக்கியது.

"இதை வைச்சு நான் பைலில ஒண்டும் எழுதேலாது," என்றார் டொக்டர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது கையால கீறின படம். ஆனா எனக்குக் கண் இருக்கு. சளியைச் சோதிப்பம். அதில ஒண்டும் இல்லாட்டி மலைநாட்டுக்கு அனுப்பாமல் இஞ்சயே பொறுத்துப் பாப்பம். பொங்கல் கழிய இன்னொரு எக்ஸ்ரே. அது மாறாட்டி நான் எழுதித் தாறன்."

தாளைத் திருப்பித் தரும்போது மற்றத் தாள்களையும் கேட்டு வாங்கி ஒருமுறை விசுக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் மூச்சு விடுறார்," என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பா எல்லாம் சொல்லி முடித்தார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனார். வரும்போது கையில் ஓர் உறை. நான் பிறக்க முன்னர் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்த கணுக்கால். அதை விளக்குமேசையில் வைத்தார்.

"செல் போதாதெண்டு சொன்னனியெல்லே. இதையும் எடு," என்றார் சித்தியைப் பார்க்காமல். "முதல்ல கோடெடுத்து வைச்சிட்டுக் கழுவு."

சூட்கேஸ் கட்டிலுக்கடியில் போனது.

ஐப்பசியிலிருந்து தை வரை எங்கள் முன்னறை ஒரு ஸ்டூடியோவாக இருந்தது. சளியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. இருந்தும் அப்பா பொங்கல் கழியும்வரை வீட்டில்தான் இருக்க வேண்டும். அவர் வர்ணம் பூசினார். போஸ்டர் வர்ணத்தில் கொஞ்சம் பசை, உரியாமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின். புழுதி படாமலிருக்க யன்னலைச் சாத்தி ஈரச் சீலை கட்டியிருக்கும். கணக்கெழுதிய கை, கோட்டைத் தாண்டாது. ஆட்டின் வயிறு முழுவதும் அவர் பூசியது. நானா தன் ஸ்டூடியோவில் மேசையைக் கவிழ்த்துக் காலில் கமராவைக் கட்டி, கீழ்நோக்கி வைத்திருந்தார். "வை. கண்ணாடி. சொடுக்கு, சொடுக்கு. எடு." விளக்குச் சூட்டில் வியர்வை செல்லில் சொட்டாமலிருக்கத் தங்கச்சி ஒரு துவாயோடு எங்கள் நெற்றிகளைத் துடைத்துத் திரிந்தாள். கரண்ட் நின்றால் யாரும் அசையக்கூடாது. நின்ற இடத்தில் நின்று, அண்ணா இருட்டில் ஆடு மாதிரிக் கத்துவான்.

பெருநாளும் போனது, தீபாவளியும் போனது. "அடுத்த பெருநாளுக்காவது இந்த ஆடு வருமா? குர்பானுக்கே வந்துரும் போல," என்றார் நானா, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு அறுப்பதை நினைத்து.

பொங்கல் கழிந்து எடுத்த எக்ஸ்ரே மாறவில்லை. டொக்டர் எழுதித் தந்தார். அப்பா வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அம்மா படலைவரை போனார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிப் போனதில்லை.

பிலிம் கொழும்பில் கழுவப்பட்டு மாசியில் வந்தது. நானா ஸ்டூடியோவின் பின்னறையில் வெள்ளைச் சீலை கட்டினார். எக்ஸ்ரே தந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினோம். வந்தார்கள். பால்காரரும் வந்தார், பின்னால் நின்றார். அம்மா கதிரை ஒன்றை அவர் பக்கம் தள்ளிவிட்டார். படம் அரை நிமிடம்கூட ஓடவில்லை. நீலக் கடற்கரை, நீலத் தியேட்டர், நீல ஆடு. அது போஸ்டரைத் தின்றது, மீசையை மென்றது, படுத்தது. வயிறு ஏறியது, இறங்கியது, ஏறியது.

"என்ட மகன்ட கை எங்க?" என்று உம்மா கேட்டார்.

"அந்தா, வால்," என்றான் அண்ணா.

இடுப்பைத் தரமாட்டேன் என்று சொல்லியும் வந்திருந்த தபால் மாஸ்டர் எழும்பினார். "திருப்பிப் போடும்," என்றார் நானாவிடம். "என்ர எலும்பு ஒண்டும் இதில இல்லை. எண்டாலும் போடும்." நானா திரும்பத் திரும்பப் போட்டார்.

பின்வந்த ஆண்டுகளில் எங்கள் குடும்பம் இரண்டு தடவை இடம்பெயர்ந்தது. பிலிம் சுருள் எங்கே தவறியது என்று தெரியாது. அப்பா வயது போய், நெஞ்சோடு தொடர்பில்லாத ஒரு காரணத்தால் காலமானார். சித்தி நானாவின் ஸ்டூடியோவிலேயே நெகட்டிவ் திருத்தும் வேலை செய்தார். இப்போது அன்புவழிபுரத்தில் மகளோடு இருக்கிறார். கண் மங்கிவிட்டது. இதை எழுதுமுன் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "வட்டத்துக்கு நான் புள்ளிக்கோடுதானே போட்டனான்? சரியா எழுது," என்றார். சரியாக எழுதியிருக்கிறேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, மேலே சொன்ன முதலாம் தாள். மற்றது ஒரேயொரு செல்: ஆடு படுத்திருக்கிறது, வயிறு நிரம்ப மூச்சு உள்ளே. அப்பா பூசிய வர்ணம் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உரிந்திருக்கிறது. செல்லைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன். நெஞ்சு எக்ஸ்ரே அளவுக்குச் சரியாக இருக்கிறது. ஆனால் நெஞ்சுப் படங்கள் எல்லாமே அந்த அளவுதான், எங்கள் தெருவிலிருந்து அப்படிப் பல வந்தன. வெளிச்சத்தில் பிடித்தால் காறை எலும்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலம். இந்தச் செல் அப்பாவின் எக்ஸ்ரேதான் என்று தங்கச்சி உறுதியாகச் சொல்கிறாள். அதற்கு ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, சரிபார்க்கப்படாதது என்றே இங்கே குறிக்கிறேன்.